உயில் யாருக்கு?

உயில் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது திரைப்படந்தான். கட்டிலில் சாய்ந்திருக்கும் ஜமீன்தார், சுற்றி நிற்கும் சுற்றத்தார், கறுப்பு அங்கி அணிந்த வக்கீல், தலையணைக்கு அடியில் ஒரு பத்திரம். இது செல்வர் வீட்டுச் செய்தி, நமக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்று அச்சொல்லைத் தள்ளிவிடுகிறோம். அந்த எண்ணம் சரிதானா என்பதை எங்கள் ஊரை வைத்து ஆராயலாம் என்று இக்கட்டுரையை எழுதத் தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் ஏலப்பாறை. இடுக்கி மாவட்டத்துப் பீர்மேடு வட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை செல்லும் பாதையில் உள்ளது. ஏலத்தால் பெயர் பெற்ற ஊர். ஆனால் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை தேயிலைதான். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து வாழும் ஊர். 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று எழுந்த குரல் வெற்றி பெறவில்லை. வட்டங்கள் கேரளத்தில் நின்றன, நாங்களும் நின்றோம். ஆதலால் எங்கள் பேச்சு தமிழ், ரேஷன் அட்டை மலையாளம், பாட்டனார் விட்டுச் சென்ற துண்டு நிலம் மலைக்குக் கீழே தேனி மாவட்டத்தில் என்ற நிலை பல வீடுகளில் உண்டு.

நாங்கள் குடியிருப்பது லயம். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த அறைகள். தொழிலாளிக்குத் தோட்டம் வீடு தரவேண்டும் என்று 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. வீடு தந்ததே அன்றி அதன் உரிமையைத் தரவில்லை. வேலை இருக்கும்வரை வீடு. வேலை நின்றால் வீடும் இல்லை. ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து, பிள்ளை பெற்று, பேரன் கண்ட வீட்டை எங்கள் ஊர் முதியவர் எவரும் உயிலில் எழுத முடியாது.

அப்படியானால் எழுதுவதற்கு என்னதான் இருக்கிறது? ஒவ்வொரு லயத்து வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். சேமநிதிச் சீட்டு இருக்கும். ஆயுள் காப்பீட்டுப் பாலிசி ஒன்று இருக்கும். வங்கிப் புத்தகம், கூட்டுறவுச் சங்கப் பங்கு, மலையடிவாரத்து நிலத்தின் பட்டா, துணியில் முடிந்த இரண்டு பொன் நகை ஆகியவை இருக்கும். இவை தவிர, காகிதத்தில் இல்லாவிட்டாலும், ஓய்வு பெறும் நாளில் வரவேண்டிய பணிக்கொடை இருக்கிறது. ஜமீன்தாருக்குப் பத்து ஊர் போனாலும் பதினோராவது ஊர் உண்டு. எங்களுக்கு இந்தப் பெட்டி போனால் வேறு பெட்டி இல்லை. ஆகவே இதற்கு உரியவர் யார் என்ற கேள்வி, அரண்மனையைவிட லயத்தில்தான் பெரிய கேள்வி.

2021 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் என் சின்ன மாமா மாரடைப்பால் இறந்தார். நான் அப்போது சட்டப் படிப்பில் முதலாண்டு மாணவன். மாமா தேயிலைத் தொழிற்சாலையில் 24 ஆண்டு வேலை பார்த்தவர். அத்தை கொழுந்து பறிப்பவர். பிள்ளைகள் இருவரும் பெண்கள். மூத்தவளுக்குப் பதினைந்து வயது, இளையவளுக்குப் பதினொன்று. மாமா வேலையில் சேர்ந்தது 1997 இல். மணம் முடித்தது 2004 இல். வேலையில் சேர்ந்தபோது சேமநிதிக்கும் பணிக்கொடைக்கும், அதன்பின் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்ப் பாலிசிக்கும், ‘எனக்குப் பின் பெறவேண்டியவர்’ என்ற இடத்தில் தம்மை வளர்த்த அண்ணன் பெயரை எழுதினார். மணமான பிறகு அந்தப் பெயரை மாற்றவேண்டும் என்று அவரிடம் சொன்னவர் எவரும் இல்லை.

பெரிய மாமா கெட்டவர் அல்லர். தகப்பனார் இறந்தபின் தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். ஆனால் மகளை மணமுடித்த கடன் அவர் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. கருமாதி முடிந்த மூன்றாம் நாள் என்னைத் திண்ணைக்கு அழைத்துக் கேட்டார்.

“ஏன் மருமகனே, காகிதத்துல எம் பேருதானே போட்டிருக்கு? அப்ப தம்பி எனக்குன்னுதானே குடுத்துட்டுப் போயிருக்கான்? அந்தப் புள்ளைகளை நான் பாக்காமயா விட்டுருவேன்?”

அவர் கேட்டதில் வஞ்சகம் இல்லை. ஊரில் எல்லாரும் நம்பியிருந்ததைத்தான் அவரும் நம்பினார். நான் எங்கள் ஆசிரியர் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டிக் கேட்டறிந்து வந்து அவருக்குச் சொன்னேன்.

“மாமா, பேரு உங்க பேருதான். ஆனா சேமநிதியிலயும் பணிக்கொடையிலயும், கல்யாணமாகிக் குடும்பம்னு ஒண்ணு வந்தப்பவே அந்தப் பேரு செல்லாமப் போச்சு. பாலிசிப் பணத்தை வாங்குற உரிமை உங்களுக்கு இருக்கு. வச்சுக்கிற உரிமை இல்ல. வாரிசுகளுக்காக நீங்க கை நீட்டி வாங்குறீங்க, அவ்வளவுதான்.”

நண்பர்களே, இந்த வேறுபாட்டை நாம் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும். பெயர் குறிக்கப்பட்டவர் வேறு, வாரிசு வேறு. 1983 ஆம் ஆண்டின் இறுதியில் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அவ்வழக்கில் பாலிசியில் பெயர் எழுதப்பட்டவர் மனைவி. பங்கு கேட்டு வந்தவர்கள் இறந்தவரின் தாயும் மகனும். பெயர் இருப்பதாலேயே பணம் முழுவதும் மனைவிக்குச் சொந்தமாகிவிடாது, வாரிசுகள் அனைவர்க்கும் பங்கு உண்டு என்று நீதிமன்றம் கூறியது. 2015 ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோர் பெயரைக் குறித்திருந்தால் அவர்களே பணத்துக்கு உரியவராகவும் ஆவர் என்று அத்திருத்தம் கூறுகிறது. அண்ணன் தம்பிமார் அந்த வரிசையில் இல்லை. அண்ணன் பெயர் இருந்தால் அவர் வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெறும் கையாகவே நிற்கிறார். வங்கிக் கணக்கிலும் பெயர் குறிக்கப்பட்டவர் நிலை இதுவே.

பெரிய மாமா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. என் தாய் என்னைக் கடிந்துகொண்டாள். படித்த பிள்ளை குடும்பத்தைப் பிரித்துவிட்டது என்று லயத்தில் சிலர் பேசினார்கள். காப்பீட்டுப் பணம் வந்தபோது அவரே அதை எடுத்துக்கொண்டு வந்து அத்தையின் முன் வைத்தார். எங்கள் குடும்பம் இந்துக் குடும்பம். 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் மனைவி, இரண்டு மகள்கள், தாய் ஆகிய நால்வர்க்கும் சமபங்கு. தலைக்கு இருபத்தையாயிரம். அண்ணனுக்கு அதில் ஒன்றும் இல்லை. தம் கடனுக்கு அவர் சங்கத்தில் தவணை கேட்டு வாங்கிக்கொண்டார். பணிக்கொடையைக் கணக்கிட்டபோது, அப்போது நடப்பில் இருந்த சட்டப்படி ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி வீதம் 24 ஆண்டுக்கு 360 நாள் கூலி வந்தது. இளம்பெண்கள் இருவரின் பங்கும் அவர்கள் வயதுக்கு வரும்வரை வங்கியில் வைப்பாக இருக்கவேண்டும் என்பதும் அச்சட்டமே சொன்ன விதி.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டார் சி. எஸ். ஐ. கிறிஸ்தவர், கடைசி வீட்டார் இராவுத்தர். மூவரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். ஆனால் உயில் எழுதாமல் இறந்தால் மூன்று வீட்டுக்கும் மூன்று சட்டம். கிறிஸ்தவர் வீட்டில் 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, எஞ்சிய இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் தாய்க்கு ஒன்றுமில்லை. முஸ்லிம் வீட்டில், பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மகளுக்கு மகன் பங்கில் பாதி. இந்துவின் தாய் மனைவிக்குச் சமமாகப் பெறுகிறாள். எது நன்று எது தீது என்று வாதிட நான் வரவில்லை. ‘சட்டம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்’ என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பவர், அந்தச் சட்டம் யாருக்கு என்ன தரும் என்பதையாவது அறிந்திருக்கவேண்டும் அன்றோ?

எங்கள் பீர்மேடு பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1916 ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகன் பங்கில் கால் பங்கு, அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்று வைத்திருந்தது. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் என்னும் ஆசிரியை இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1986 ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 1951 ஆம் ஆண்டிலிருந்தே அந்தப் பழைய சட்டம் செல்லாது, மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்பது முடிவு. வெற்றிதான். ஆயினும் அத்தீர்ப்புக்குப் பிறகு, மகளுக்குப் பங்கு போகாமலிருக்க மகன் பெயருக்கே உயில் எழுதிய தந்தையரும் பலர். உயில் ஒரு கத்தி போன்றது. அதனால் கனியையும் நறுக்கலாம்; கையையும் அறுக்கலாம்.

அந்தக் கத்தியை நல்ல வழியில் எடுத்தவள் என் அம்மாச்சி.

மகன் இறந்த ஆறாம் மாதம் அம்மாச்சி ஒரு நாள் கேட்டாள். கம்பத்துக்குப் பக்கத்தில் அவள் தகப்பனார் அவளுக்கு விட்டுச் சென்ற ஒன்பது சென்ட் நிலம் உண்டு. ஒருவர் குத்தகைக்கு வைத்திருக்கிறார். அத்தை ஓய்வு பெற்றால் லயத்து வீடு போய்விடும். அந்தப் பெண்கள் தலை சாய்க்க அந்த நிலமாவது வேண்டும் என்பது அவள் கவலை. அவள் ஒன்றும் எழுதாமல் போனால் நிலம் மூன்று பங்காகும்: பெரிய மாமாவுக்கு ஒன்று, என் தாய்க்கு ஒன்று, இறந்த மகனின் பிள்ளைகளுக்கு ஒன்று. மூன்று சென்டில் இருவர் வீடு கட்டுவது எப்படி?

“தம்பி, உயிலு எழுதுனா ஆயுசு கொறையும்பாகளே?”

“எழுதாதவுக எல்லாரும் நூறு வயசா இருக்காக அம்மாச்சி?”

அவள் சிரித்தாள். அடுத்த கேள்வி கூர்மையானது. “எழுதிப்புட்டா நெலம் இப்பவே கைய விட்டுப் போயிருமா?”

போகாது. உயிலுக்கும் தான சாசனத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். தானம் எழுதிப் பதிந்தால் உரிமை அன்றைக்கே மாறிவிடும். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை வெறும் காகிதம். அவர் கண் மூடிய பிறகே அதற்கு உயிர் வருகிறது. இடையில் எத்தனை முறையும் மாற்றலாம்; கிழித்தும் போடலாம். கடைசியாக எழுதியதே செல்லும். முதுமையில் சொத்தை எல்லாம் பிள்ளைகளுக்குத் தானமாக எழுதிவிட்டு, பிறகு சோற்றுக்குக் கையேந்தும் பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிக்கொண்டு பராமரிக்காமல் விட்டால் அந்தத் தானத்தைச் செல்லாததாக்க 2007 ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் இடம் தருகிறது. நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பது நல்லது.

உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் பதினெட்டு வயது நிரம்பியவராக, தெளிந்த மனத்தினராக இருக்கவேண்டும். கையெழுத்து இடலாம், எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர் ஒப்பமிடுவதைச் சாட்சிகள் பார்த்திருக்கவேண்டும், அல்லது ‘இது என் ஒப்பந்தான்’ என்று அவரே சொல்லக் கேட்டிருக்கவேண்டும். பிறகு அவர் முன்னிலையில் சாட்சிகளும் ஒப்பமிடவேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் நின்று சொல்லவேண்டியிருக்கும். ஆகவே எண்பது வயது நண்பரைவிட நாற்பது வயது அயலார் நல்ல சாட்சி. சொத்தில் பங்கு பெறுபவரைச் சாட்சியாக வைக்கலாகாது. கிறிஸ்தவர் உயிலில் அப்படிச் செய்தால் அவர் பங்கே செல்லாது போகும். இந்துக்களுக்கு அந்த விதி இல்லை எனினும் ஐயத்துக்கு வாசல் திறந்துவிடும். முஸ்லிம்கள் கடனும் அடக்கச் செலவும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வாரிசுகளின் இசைவின்றி, உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர் மணம் செய்துகொண்டால் மணத்துக்கு முன் எழுதிய உயில் நீங்கிவிடும்.

பதிவு கட்டாயமன்று. ஆனால் கைநாட்டு வைத்த உயில், அதுவும் மாநில எல்லைக்கு அப்பால் உள்ள நிலத்தைப் பற்றியது. ஆகவே பதிந்துவிடலாம் என்றோம். அம்மாச்சி ஒரு நிபந்தனை போட்டாள். “ஒளிச்சு எழுதக்கூடாது. மூத்தவன்கிட்டயும் உங்காத்தாகிட்டயும் சொல்லிப்புட்டுத்தான் எழுதணும்.” சட்டம் இதைக் கேட்கவில்லை. அவளுடைய அறிவு கேட்டது. மறைத்து வைத்த உயில்தான் திரைப்படத்துக்கு ஆகும், குடும்பத்துக்கு ஆகாது. பெரிய மாமா கேட்டுவிட்டுச் சொன்னது ஒரே வாக்கியம்: “புள்ளைகளுக்குத்தானே, எழுது ஆத்தா.”

பேத்திகள் அப்போது சிறுமியர். அவர்கள் கையில் நிலத்தைக் கொடுப்பது எப்படி? நிலம் பேத்திகள் இருவர்க்கும் சமம். இளையவளுக்கு 21 வயது ஆகும்வரை அத்தை அதைக் காத்து, குத்தகைப் பணத்தை அவர்கள் படிப்புக்கே செலவிட்டு, பின்பு ஒப்படைக்கவேண்டும் என்று உயிலில் எழுதினோம். நண்பர்களே, அறக்கட்டளை என்று பெரிய பெயரில் நாம் அழைப்பதன் வித்து இதுவே. ஒருவர் தருகிறார், ஒருவர் காக்கிறார், ஒருவர் பயன் பெறுகிறார். காப்பவர் பெயரில் சொத்து இருந்தாலும் அதன் பயன் அவருக்கு இல்லை. 1882 ஆம் ஆண்டின் இந்திய நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் உயிர்க்கருத்து அதுதான். நிலம் பற்றிய பொறுப்பைப் பதிந்த பத்திரத்தாலும் உண்டாக்கலாம், உயிலாலும் உண்டாக்கலாம்.

காப்பவர் காக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர் வரலாற்றில் சான்று உண்டு. சென்னையில் துபாஷியாக இருந்து பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794 ஆம் ஆண்டு உயில் எழுதி, தம் செல்வத்தை அறங்களுக்கென வைத்து மறைந்தார். பொருள் வழக்குகளில் சிக்கியது. பொறுப்பிலிருந்தவர்கள் அறத்தை மறந்தார்கள். ஆண்டுகள் பல கடந்தபின், சென்னையின் தலைமை அரசு வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயற்சியாலும் நீதிமன்ற ஆணையாலும் பொருள் மீட்கப்பட்டது. எஞ்சி வளர்ந்த நிதியைக் கொண்டு 1842 இல் பள்ளி எழுந்தது. 1889 இல் அது கல்லூரியாயிற்று. எத்தனை ஆயிரம் தமிழ் மாணவர்கள் அந்த நிழலில் படித்தார்கள்! ஒரு மனிதன் சாகும் தறுவாயில் எழுதிய ஒரு தாள் அந்த நிழலைத் தந்தது. ஆனால் அதற்காக நாற்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருக்கவும் நேர்ந்தது. தாள் இருந்தால் மட்டும் போதாது. காப்பவரும் கணக்குக் கேட்பவரும் வேண்டும்.

அடுத்த ஆண்டு அம்மாச்சி மறுபடி அழைத்தாள். தன் தண்டட்டி இரண்டும் மகளுக்கு, அதாவது என் தாய்க்கு, என்று சேர்க்கவேண்டுமாம். இணைப்பு உயில் எழுதினோம். அதற்கும் அதேபோல் இரண்டு சாட்சிகள். “இதுல பெரியவனுக்கு ஒண்ணுமில்லையே ஆத்தா?” என்று என் தாய் கேட்டாள். “அவனுக்கு எம் பேச்சு இருக்கு. என்னைக் கடைசி வரைக்கும் வச்சுக் கஞ்சி ஊத்துற பாக்கியம் அவனுக்குத்தான்” என்றாள் அம்மாச்சி. பெரிய மாமா பக்கத்திலேயே இருந்தார்; தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அம்மாச்சி இன்றும் அவர் வீட்டில்தான் இருக்கிறாள்.

உயில் என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. எங்கள் மலையாள அயலார் சொல்லும் ‘ஒஸ்யத்து’ அரபியிலிருந்து வந்தது. சொல் எங்கிருந்து வந்தால் என்ன? தனக்குப் பின்னும் தன் மக்கள் இடர்ப்படலாகாது என்ற எண்ணம் நம்முடையதுதான்.

தேயிலை விலை வீழ்ந்த 2000 ஆம் ஆண்டை ஒட்டிப் பீர்மேடு வட்டத்தில் தோட்டங்கள் பல கைவிடப்பட்டன. கூலியும் பணிக்கொடையும் கிடைக்காமல் காத்திருந்தே மறைந்தவர் பலர். வரவேண்டிய பாக்கியும் ஒரு சொத்துத்தான். அதற்கும் வாரிசு உண்டு. உரியவர் இறந்துவிட்டார் என்பதால் உரிமை இறந்துவிடுவதில்லை. இதை அறிந்து, காகிதங்களைப் பாதுகாத்து, கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் இருக்கவேண்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே! நீங்கள் சட்டம் படிக்கவேண்டும் என்பதில்லை. வீட்டிலுள்ள பெட்டியைப் பெற்றோருடன் அமர்ந்து ஒரு மாலை திறந்து பாருங்கள். சேமநிதியில் யார் பெயர், வங்கியில் யார் பெயர், பாலிசியில் யார் பெயர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மணத்துக்கு முன் எழுதிய பெயர்களை மாற்றச் சொல்லுங்கள். நிலம் இருந்தால் அது யாருக்கு என்று பெரியவர்களைக் கேளுங்கள்; அவர்கள் விரும்பினால் எழுதத் துணை நில்லுங்கள். நம் பெற்றோர் நம்மைப் படிக்கவைத்தது காகிதத்தைக் கண்டு அவர்கள் அஞ்சிய அச்சம் நம்மோடு தீரட்டும் என்பதற்காகத்தான். அந்தக் கடனில் ஒரு சிறு பகுதியையாவது அந்த மாலையில் நாம் தீர்க்கலாம்.